ஆயிரம் ரூபாயின் எடை

மாதம் ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா? தாம்பரத்தில் இரு வீடுகளை எண்ணிப் பார்ப்போம். மாதம் எட்டாயிரம் வரும் வீட்டில் அது வருவாயை எட்டில் ஒரு பங்கு உயர்த்தும். எண்பதாயிரம் வரும் வீட்டிலோ எண்பதில் ஒன்றுதான். ஆதலால் ஏற்றத்தாழ்வைக் குறைக்க விரும்பும் அரசு, உதவியை முதலில் ஏழை வீட்டில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

2023 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இத்தகையது. தொடக்கத்திலேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைத்தது. பணம் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் சேர்வதே இதில் நாம் மெச்சும் அம்சம். அம்மாவின் கைக்கு வரும் காசு பாலாகவும் நோட்டுப் புத்தகமாகவும் மாறுவதை நாம் அறியோமா! இங்கிலாந்தில் இதற்காகவே பல்லாண்டுகள் போராடியவர் எலினார் ராத்போன் அம்மையார். 1945இல் சட்டம் நிறைவேறியது. 1946 ஆகஸ்டில் தாய்மார் முதல் தொகையைப் பெற்றபோது அவர் உயிருடன் இல்லை.

அங்கே அன்று இரண்டாம் குழந்தை முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை வழங்கப்பட்டது. நம் திட்டமோ ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர் என்றும், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்றும் வகுக்கப்பட்டது. பல்லாவரத்தில் மாதம் 20,000 ரூபாய் வருமானமுள்ள, பிள்ளைகளற்ற தம்பதியர் இவ்வரம்புக்குள் வருவர். நான்கு பிள்ளைகளுடன் 21,000 ரூபாயில் வாழும் அண்டை வீட்டார் வாரார். முன்னவர்க்குத் தலைக்குப் பத்தாயிரம். பின்னவர்க்கு மூவாயிரத்து ஐந்நூறு. இது நமக்குச் சரியாகப் படவில்லை.

பிள்ளைகளை எண்ணித் தரும் உதவி நம்மிடமும் உண்டு. அது சோறாக வருகிறது. காமராசர் காலத்தில், 1956இல், மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு. 2025இல் இது நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. நான்கு பிள்ளைகள் வந்தால் நான்கு தட்டு. வருமானச் சான்றிதழுக்கு இங்கு வேலையில்லை!

பள்ளிப் படிப்பு முடிந்தபின் தட்டு இல்லை. மூத்த பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதா, வேலைக்கு அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு எழுவதும் அப்போதுதான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்று உயர்கல்வி சேரும் மாணவியின் கணக்கில் மாதம் ஆயிரம் செலுத்தும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் அது 2024 டிசம்பரில் விரிவாயிற்று.