நடு இருக்கையும் நான்கு போல்ட்டுகளும்

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, கல்லூரிக்குப் புறப்படும் நேரத்தில், என் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் மனைவி, மகளோடு வசிக்கிறான்.

"சார், பழைய பிக்கப் டிரக் ஒன்று வாங்கியிருக்கிறேன். முன்னால் மூன்று பேரும் பின்னால் மூன்று பேரும் உட்காரலாம். முன்வரிசையின் நடு இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு சென்டர் கன்சோல் பொருத்தப் போகிறேன். காப்பிக் குவளை, காகிதங்கள், ஸ்பேனர்கள் எல்லாம் வைத்துக்கொள்ளலாம், கையையும் ஊன்றிக்கொள்ளலாம். நான்கு போல்ட் போட்டால் போதுமா?"

கேள்வி இவ்வளவுதான். ஆனால் பதில் தேடப் போனால், மாணவ நண்பர்களே, நீங்கள் வகுப்பில் படிக்கும் நியூட்டனின் இயக்க விதிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்தக் கணக்கை உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அதில் நான் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மூவர் அமரும் முன்வரிசை

பிக்கப் டிரக் என்றால் என்ன? முன்னால் காரைப் போன்ற அறை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி. நம் ஊரில் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கும் சரக்கு வண்டிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1925ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் தன் புகழ்பெற்ற 'மாடல் டி' வண்டியில் சரக்குத் தொட்டி வைத்து, தொழிற்சாலையிலேயே முழுமையாகச் செய்த பிக்கப் வண்டியாக 281 டாலருக்கு விற்றது. பண்ணைக்காரர்கள், தச்சர்கள், குழாய் வேலை செய்பவர்கள் முதலானோர் இத்தகைய வண்டிகளை விரும்பி வாங்கினார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று பேராகப் போவார்கள் அல்லவா? அதனால் முன்வரிசையில் நம் பள்ளிக்கூடப் பெஞ்சு போல ஒரே நீள இருக்கை இருந்தது. பிற்காலத்தில் அது மூன்று துண்டாயிற்று. மொத்த அகலத்தை 100 பங்கு என்று கொண்டால் ஓட்டுநருக்கு 40, நடுவில் 20, அடுத்தவருக்கு 40. நடுத்துண்டின் முதுகை முன்பக்கம் மடக்கினால் கை ஊன்றும் பலகை ஆகிவிடும். கார்களில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் மறைந்துவிட்டாலும் பிக்கப் வண்டிகள் சிலவற்றில் இன்றும் உண்டு.

அந்த 20 பங்கு இடத்தில் பெரியவர் ஒருவர் வசதியாக உட்கார முடியாது. ஆகவேதான் பலர் அதை எடுத்துவிட்டுப் பெட்டி வைக்க ஆசைப்படுகிறார்கள். இந்தப் பெட்டியைத்தான் சென்டர் கன்சோல் என்கிறார்கள். நாம் 'நடுப்பெட்டி' என்று அழைப்போம்.

ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு

வண்டி நின்றுகொண்டிருக்கும்போது பெட்டிக்கு போல்ட்டே தேவையில்லை. அதன் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். சீரான வேகத்தில் நேராக ஓடும்போதும் தேவையில்லை. மிகவும் தேவைப்படுவது வண்டி எதன் மீதாவது மோதும் நேரத்தில்தான்.

பேருந்து திடீரென்று நிற்கும்போது நாம் முன்னால் சாய்கிறோம். நம்மை யாரும் தள்ளவில்லை. பேருந்து நின்றுவிட்டது, நம் உடல் மட்டும் பழைய வேகத்திலேயே போக முயல்கிறது. இதுதான் நிலைமம். மோதலிலும் இதேதான் நடக்கிறது, ஆனால் மிகக் குறைந்த நேரத்தில்.

கணக்குப் போடுவோம். வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு சுவரில் மோதுகிறது. இந்த வேகம் நொடிக்கு 13.9 மீட்டர். வண்டியின் முன்பகுதி நசுங்கி, 60 சென்டிமீட்டர் தூரத்துக்குள் வண்டி நின்றுவிடுவதாகக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை, நின்ற தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும்.

13.9 × 13.9 = 193. இதை 1.2 ஆல் வகுத்தால் 161. அதாவது நொடிக்கு நொடி 161 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 தானே? ஆகவே இது அதைப் போல் 16 மடங்குக்கும் சற்று அதிகம். இவ்வளவும் நடந்து முடிய ஆகும் நேரம் 0.086 நொடி, ஒரு நொடியில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு.

அந்தச் சிறு நேரத்தில் வண்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்திப் பிடிக்க, அதன் எடையைப் போல் 16 மடங்கு விசை வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டிக்கு 16 கிலோ. அரைக் கிலோ ஸ்பேனருக்கு 8 கிலோ. பிடித்து நிறுத்த எதுவும் இல்லாவிட்டால் அந்த ஸ்பேனர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்பட்ட கல்தான். நடுப்பெட்டிக்கு மூடியும், மூடிக்கு உறுதியான தாழ்ப்பாளும் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

போல்ட் தாங்கும், தகடு தாங்குமா?

மாணவன் அனுப்பிய படத்தின்படி பெட்டியும் உள்ளிருக்கும் பொருள்களும் சேர்ந்து 20 கிலோ. நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் 20 × 161 = 3,220 நியூட்டன். சுமார் 330 கிலோ எடைக்குச் சமமான விசை பெட்டியை முன்னால் இழுக்கிறது போல இருக்கும்.

அதோடு முடியவில்லை. பெட்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. போல்ட்டுகளோ தரையில் இருக்கின்றன. ஆகவே பெட்டி முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். இந்தத் திருப்புத்திறன் 3,220 × 0.25 = 805 நியூட்டன் மீட்டர். முன் போல்ட்டுகளுக்கும் பின் போல்ட்டுகளுக்கும் இடைவெளி 40 சென்டிமீட்டர். பெட்டியின் சொந்த எடை, கவிழாமல் தடுக்கத் தரும் திருப்புத்திறன் சுமார் 39 நியூட்டன் மீட்டர்தான். மீதி முழுவதையும் பின்னால் இருக்கும் இரண்டு போல்ட்டுகள் தாங்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 100 கிலோ எடையளவு விசை மேல்நோக்கிப் பிடுங்கும்.

10 மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல எஃகு போல்ட் ஒன்று 3,000 கிலோவுக்கும் மேற்பட்ட இழுப்பைத் தாங்கும். அப்படியானால் கவலை இல்லையா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். போல்ட் அறுந்து போகாது, ஆனால் போல்ட் மாட்டியிருக்கும் தரைத் தகடு கிழிந்து போகலாம். வண்டியின் தரை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடுதான். அதில் நாமே ஒரு துளை போட்டு, 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய வாஷர் வைத்து முடுக்கினால், தகடு கிழிய வேண்டிய சுற்றளவு 63 மில்லிமீட்டர் மட்டுமே. தரைக்கு அடியில் 75 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுர இரும்புத் தகட்டைக் கொடுத்தால் சுற்றளவு 300 மில்லிமீட்டர். ஏறத்தாழ ஐந்து மடங்கு!

இதைவிட நல்ல வழியும் உண்டு. பழைய இருக்கை மாட்டியிருந்த துளைகளையே பயன்படுத்துவதுதான் அது. ஏனெனில் அவை வெறும் துளைகள் அல்ல. அந்த இடங்களை இருக்கையின் சுமையைத் தாங்கும்படி வலுவூட்டியே அமைத்திருப்பார்கள். அமெரிக்கச் சட்டப்படி, வண்டியின் இருக்கை ஒன்று முன்னோக்கி இழுக்கும்போது தன் எடையைப் போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். நாம் கண்ட 16 மடங்குக்கு மேல் கொஞ்சம் சேமிப்பு வைத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?

இந்தக் கணக்கையெல்லாம் அழகாக எழுதி, படமும் போட்டு, அன்றிரவே மாணவனுக்கு அனுப்பினேன். எனக்கு ஒரே பெருமை.

நான் போடாத கணக்கு

மறுநாள் பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தான். "அந்த இருக்கையை எடுப்பதில் பாப்பாவுக்குத்தான் வருத்தம் சார். ஏழு வயதாகிறது. எப்போதும் எங்கள் இருவருக்கும் நடுவில் அங்கேதான் உட்காருவாள். அங்கிருந்து ரோடு நன்றாகத் தெரியும் என்பாள்."

படித்ததும் எனக்குத் திக்கென்றது. ஏழு வயதுக் குழந்தையின் எடை சுமார் 22 கிலோ. பெட்டியின் எடை 20 கிலோ. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். பெட்டிக்குக் கணக்குப் போட்ட நான், அதே இடத்தில் இத்தனை நாள் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்கவே இல்லை.

"அந்த இருக்கையில் எந்த மாதிரி பெல்ட் இருக்கிறது?" என்று உடனே கேட்டு எழுதினேன். "இடுப்பு பெல்ட் மட்டும்தான், தோள் பெல்ட் கிடையாது" என்று பதில் வந்தது.

இடுப்பு பெல்ட்டை மட்டும் போட்டிருப்பவருக்கு மோதலில் என்ன ஆகும்? இடுப்பு நின்றுவிடும். இடுப்புக்கு மேலே உள்ள உடல் நிற்காது. அந்த வாரை அச்சாகக் கொண்டு, கத்தி மடங்குவது போல உடல் முன்னால் மடங்கும். நான்கு கிலோ எடையுள்ள தலை, 64 கிலோ எடையுள்ளது போல முன்னால் பாயும். குழந்தையின் இடுப்பு எலும்பு சிறியது. ஆகவே வார் எளிதில் மேலே நழுவி வயிற்றில் அழுந்தும். குடலுக்கும் முதுகெலும்புக்கும் காயம் ஏற்படும்.

இதற்கு விடை கண்டவர் ஸ்வீடன் நாட்டின் நில்ஸ் போலின் என்ற பொறியாளர். முதலில் அவர் போர் விமானங்களில் விமானியை இருக்கையோடு வெளியே எறியும் அமைப்பில் வேலை செய்தார். பிறகு வால்வோ கார் நிறுவனத்துக்கு வந்து, 1959ஆம் ஆண்டு மும்முனை சீட் பெல்ட்டை உருவாக்கினார். ஒரே வார், மார்பின் குறுக்கேயும் இடுப்பின் குறுக்கேயும் போய் மூன்று இடங்களில் பிணைக்கப்படுகிறது. விசை தோள், விலா, இடுப்பு ஆகிய உறுதியான எலும்புகளின் மீது பரவுகிறது. உடல் மடங்குவதில்லை. அந்த நிறுவனம் காப்புரிமையைத் தன்னிடமே பூட்டி வைக்காமல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுவிட்டது.

அமெரிக்காவில் புதிய கார்களின் பின்வரிசை நடு இருக்கைக்கும் தோள் பெல்ட் வேண்டும் என்ற விதி 2007ஆம் ஆண்டு செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. முன்வரிசை நடு இருக்கைக்கு இடுப்பு பெல்ட்டே போதும் என்று விட்டுவிட்டார்கள். மேலும், சிறு பிள்ளைகளை உயர்த்தி உட்கார வைக்கும் 'பூஸ்டர்' இருக்கையைத் தோள் பெல்ட் உள்ள இடத்தில்தான் பயன்படுத்தலாம். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் கூடாது. 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பின்வரிசையில்தான் அமர வேண்டும் என்பது அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை.

"தம்பி, நீ காப்பிக் குவளை வைக்கத்தான் அந்த இருக்கையை எடுக்கப் பார்க்கிறாய். ஆனால் எடுக்க வேண்டியதற்கு அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. பெட்டி செய்யும் வரை காத்திருக்காதே. இன்றைக்கே பாப்பாவைப் பின்னால் உட்கார வை" என்று எழுதினேன்.

கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

இன்னும் சிலவற்றையும் எழுதினேன். சில வண்டிகளில் ஓட்டுநருடைய பெல்ட்டின் கொக்கியும் நடு இருக்கைக்கு அருகிலேயே பிணைக்கப்பட்டிருக்கும். நடு இருக்கையைக் கழற்றும்போது அதையும் கழற்றிவிட்டால், திரும்பச் சரியாக மாட்டியே ஆக வேண்டும். எந்த அளவு முடுக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அந்த அளவுக்கு டார்க் ரெஞ்சு கொண்டு முடுக்க வேண்டும்.

இருக்கைக்கு அடியில் மின்கம்பிகளும் ஓடுகின்றன. அவற்றில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது பெரும்பாலும் காற்றுப்பையைச் சேர்ந்தது. காற்றுப்பை ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்திலேயே உப்பிவிடும். தவறிப்போய் அது வேலை செய்துவிட்டால் எதிரில் இருப்பவருக்கு ஆபத்து. பாட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கியில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். கையேட்டில் சொன்ன நேரம் வரை காத்திருந்த பிறகே கை வைக்க வேண்டும். அதுவும் பழகிய மெக்கானிக் ஒருவர் உடனிருந்தால் நல்லது.

இன்னொன்று: இருக்கை போனால் அந்த இடமும் போயிற்று என்று கொள்ள வேண்டும். பெட்டியின் மேல் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. ஒரே பெல்ட்டை இருவருக்குச் சேர்த்துப் போடவும் கூடாது.

நீங்களும் செய்து பாருங்கள்

தகடு கிழிவதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நோட்டுத் தாளில் ஊசியால் துளை போட்டு நூலை நுழையுங்கள். அடியில் வெறும் முடிச்சுப் போட்டு இழுங்கள். முடிச்சு தாளைக் கிழித்துக்கொண்டு எளிதில் வந்துவிடும். இப்போது வேறொரு துளையில், முடிச்சுக்குப் பதிலாக ஒரு சட்டைப் பொத்தானைக் கட்டி இழுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். நூலும் தாளும் அவைதாம், மாறியது விசை பரவும் இடம் மட்டுமே. போலினின் மும்முனை பெல்ட் செய்வதும் இதையேதான் என்று சிறிது யோசித்தால் விளங்கும்.

இரண்டு மாதம் கழித்து மாணவன் புகைப்படம் அனுப்பினான். பழைய துளைகளிலேயே நான்கு போல்ட்டுகளில் நடுப்பெட்டி உறுதியாக உட்கார்ந்திருந்தது. பின்வரிசையில் பூஸ்டர் இருக்கையின் மேல், தோள் பெல்ட் போட்டுக்கொண்டு பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள். பூஸ்டர் உயரமாக இருப்பதால் அங்கிருந்தும் ரோடு தெரிகிறதாம்.