கதை சொல்லும்போது விட்டுப்போனவை

ஊரும் வாசிப்பும் – 14

கர்ண மோட்சம் கூத்தில் கர்ணன் போர்க்களம் போய்ச் சேர்வதற்குள் கோழி கூவிவிடும். பதினேழாம் நாள் சண்டைக்குப் புறப்பட்டவனை மனைவி பொன்னுருவி மறித்துக்கொண்டு நிற்பாள். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்ற ஆத்திரம் முதலில்; அவன் பிறப்பு இன்னதென்று தெரிந்த பிறகு அழுகை. அந்த வாக்குவாதத்தைப் பார்க்கத்தான் செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஜனங்கள் பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வருகிறார்கள். வியாசரின் பாரதத்தில் பொன்னுருவி என்றொரு பெயரே கிடையாது. அவளைப் பாட்டாலும் பேச்சாலும் வளர்த்து ஆளாக்கியவர்கள் கூத்துக்காரர்கள். குலத்தைப் பற்றியும், போருக்குப் போகிறவன் வீட்டில் விட்டுப்போகும் சண்டையைப் பற்றியும் அவர்களுக்கு இருந்த கருத்தெல்லாம் அந்தக் காட்சிக்குள்தான் இருக்கிறது. பாரதத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவர்களிடம் கேட்டால் கட்டுரை வராது. கதைதான் வரும். செய்யாறு வட்டத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழிவந்தவர்கள் மார்க்வெஸின் இறக்கை முளைத்த கிழவனைக்கூடக் கூத்தாக்கி ஆடியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட திருவண்ணாமலை மாவட்டத்துப் பிள்ளைகளிடம் ‘இந்த நாவல் எப்படி?’ என்று கேட்டால் அவர்கள் கதையைச் சொல்ல ஆரம்பிப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கருத்தைக் கேட்டால் கதையை ஒப்பிக்கிறார்களே என்று ஆசிரியர்கள் சலித்துக்கொள்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தச் சலிப்பில் எனக்கு உடன்பாடில்லை. கதை சொல்கிறவன் எந்த இடத்தை நீட்டுகிறான், எந்த இடத்தில் ஓட்டம் பிடிக்கிறான், யாரைப் பெயர் சொல்லாமல் ‘அந்தாளு’ என்கிறான் என்று கொஞ்சம் காது கொடுத்தால் போதும். அவன் விமர்சனம் முழுதும் அதற்குள் இருக்கும்.

பௌர்ணமி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்க வாய்த்தது. திருவண்ணாமலையில் ஒரு தமிழாசிரியை கல்லூரிப் பிள்ளைகளை மாதம் ஒருமுறை கூட்டி நாவல் பேச வைக்கிறார். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இருபது பேர் இருப்பார்கள். போளூர், கலசபாக்கம், செங்கம், தண்டராம்பட்டு என்று பஸ் பிடித்து வந்தவர்கள். பாதிப்பேர் வீட்டில் ‘ஸ்பெஷல் கிளாஸ்’ என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். தரையில் பாய். கையில் தாளும் போனும் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி.

முதலில் எழுந்தவள் கலசபாக்கத்துப் பெண். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போன தலைமுறை. ஐந்து பாகத்தையும் முடித்திருந்தாள். வந்தியத்தேவன் குதிரை, ஆழ்வார்க்கடியான் தடி எல்லாம் சடசடவென்று போயிற்று. அருள்மொழிவர்மனுக்கு மொத்தம் ரெண்டு வாக்கியம். கோடிக்கரை வந்ததும் நின்றுவிட்டாள். பூங்குழலியின் படகு, அலை, அவள் ராத்திரியில் தனியாகத் திரிவது என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில், ‘கடல்ல படகு ஓட்னவள அரண்மனைக்குள்ள கொண்டுபோய் ஒக்கார வெச்சிட்டாரு மிஸ். அவ கேட்டாளா?’ என்றாள்.

கேட்கத்தான் செய்தாள், ராணியாக வேண்டும் என்பது அவள் கனவுகளில் ஒன்று என்று ஒரு பையன் மறுத்தான். கொஞ்ச நேரம் சண்டை. கல்கி இருந்திருந்தால் ரசித்திருப்பார். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வாரவாரம் எழுதி முடித்தபோது, இன்னாருக்கு என்ன ஆயிற்று, இன்னாரை ஏன் பாதியில் விட்டீர்கள் என்று வாசகர்கள் அவரைத் துளைத்தார்கள். அதற்காகவே முடிவுரை எழுதி, யார் யார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று கணக்கு ஒப்படைக்க வேண்டியதாயிற்று. ஐந்து பாகம் எழுதியவருக்கே அந்த நிலைமை.

பத்திரிகை வாசகர்கள் என்றால் அப்படித்தான் இருந்தார்கள். ஜெயகாந்தன் 1966-ல் விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ கிளப்பிய புகைச்சலை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. மழையில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிக் கெட்டுப்போய் வந்த மகளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வது கதை. அதெப்படி என்று ஊரே கேட்டது. ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே திருப்பிச் சொன்னார். ஒரே ஒரு இடத்தை மாற்றி. அந்தத் தாய் வாயைப் பொத்திக்கொள்ளாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால்? அந்த ஒரு மாற்றத்திலிருந்து மகள் கங்காவின் வாழ்க்கை முழுதும் வேறாகி, 1970-ல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நூலாக வந்தது, 1972-ல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. வாசகர் கருத்துக்கு எழுத்தாளர் தந்த பதில்களில் இதைவிடப் பெரியது தமிழில் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பதிலும் கதையாகத்தான் வந்தது.

கல்லூரித் தேர்வுக்கு விற்கும் நோட்ஸும் கதையைத்தானே சொல்கிறது என்று கேட்கலாம். கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, தலைப்புப் பொருத்தம், உத்திகள். எந்த நாவலாக இருந்தாலும் இந்த நான்கு தலைப்புகள், அதே வரிசை. அதில் யாருக்கும் கோபம் வராது, யாரும் எந்த இடத்திலும் தயங்கி நிற்க மாட்டார்கள். நூறு மாணவர்கள் எழுதினால் நூறு பேரும் ஒரே இடங்களை விட்டிருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்த நோட்ஸ் கட்டாயம் இன்னும் முழுதாக வரவில்லை. 2022-ல் பள்ளிக் கல்வித் துறை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வாசிப்புப் போட்டி என்று ஒன்றை ஆரம்பித்து, படித்ததை எழுதலாம், பேசலாம், வரையலாம் என்று விட்டது நல்ல காரியம். பரிசு என்று வந்த பிறகு பெற்றோர் எழுதிக்கொடுக்கும் பேச்சும் சேர்ந்தே வரும். அதை யார் தடுப்பது?

அடுத்து வந்த தண்டராம்பட்டுப் பையன் பி.காம். படிக்கிறான். ‘புளியமரத்தின் கதை’, சுந்தர ராமசாமி, 1966. பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை அளக்கும் தாமோதர ஆசானை அவன் குரல் மாற்றி நடித்தே காட்டினான். சிரிப்பு அடங்கியதும் காற்றாடி மரத் தோப்புக்கு வந்தான். தோப்பை அழித்துப் பூங்கா அமைக்கும் இடம். குரல் இறங்கிவிட்டது.

‘வெட்னவங்க யாரும் கெட்டவங்க இல்ல மிஸ். ஊரு நல்லாருக்கணும்னுதான் வெட்றாங்க. அதான் எனக்குக் கடுப்பாயிடுச்சு. திட்றதுக்குக்கூட ஆள் இல்ல.’

இந்த ஊரில் இதைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. 2016-ல் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களில் கை வைத்தபோது எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கேயும் வாதம் ஊர் நன்மைதான். லட்சக்கணக்கில் நடக்கிற பக்தர்களின் வசதி. அவன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நான்தான் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறேன். அவன் ‘கடைசில மரம் செத்துடும்’ என்று மூன்றே சொல்லில் முடித்து உட்கார்ந்துவிட்டான். எப்படிச் செத்தது என்று கேட்டார்கள். ‘வேணும்னா படிச்சுக்கோங்க’ என்றான். நாவலின் தலைப்பே அந்த மரம்தான். அதன் சாவைச் சொல்ல மாட்டேன் என்கிறான். தலைப்புப் பொருத்தம் என்று ஐந்து பக்கம் எழுதியிருந்தால் பத்துக்குப் பத்து கிடைத்திருக்கும்.

எழுத்தாளர்களும் விட்டுவிட்டுச் சொல்கிறவர்கள்தாம். சாமர்செட் மாம் 1938-ல் இதே ஊருக்கு வந்து ரமணரைப் பார்த்தவர். ஆசிரமத்தில் மயங்கி விழுந்த கதை பிரசித்தம். 1944-ல் வந்த ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவலில் ரமணரின் சாயலில் ஒரு குருவைப் படைத்தார். ஆனால் அந்த ஆசிரமத்தைத் திருவாங்கூருக்குக் கொண்டுபோய்விட்டார். இந்த மலையும் இல்லை, திருவண்ணாமலையும் இல்லை. ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒருத்தி இதைச் சொன்னபோது பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்த ஊரில் நாவலை வாயால் சொல்கிற வழக்கத்துக்கு இன்றைய முகம் பவா செல்லதுரை. மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், எழுத்தாளர். ‘முற்றம்’ என்ற பெயரில் இங்கே அவரும் நண்பர்களும் நடத்திய கூட்டங்களுக்கு வராத எழுத்தாளர்கள் குறைவு. பின்னாளில் அவர் கதை சொல்லி ஆனார். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒரு மணி நேரம் சொல்வார். எழுதியது ஒன்று, இவர் சொல்வது ஒன்று என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அதை நான் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை, பொன்னுருவியும் அப்படித்தான் வந்தாள். என் மனக்குறை வேறு: கேட்டுவிட்டுக் கண் கலங்குகிறவர்களில் பலர் புத்தகத்தின் பக்கமே போவதில்லை. கதை கிடைத்துவிட்டது, எதற்கு அச்சு? அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த பிள்ளைகள் படித்துவிட்டுச் சொன்னார்கள். அதனால்தான் ஒருவர் விட்டதை இன்னொருவரால் பிடிக்க முடிந்தது.

அப்படிப் பிடித்த ஒரு இடம். போளூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ சொன்னாள். 1994-ல் வந்தது. காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை. ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே ஒரு குடும்பத்தை வைத்து அதன் பாட்டைச் சொன்ன நாவல். வந்த நாளில் அதற்காக இமையம் வாங்கிய வசை கொஞ்சமில்லை. அந்தப் பெண் நன்றாகவே சொன்னாள். மகனைச் சாமியாராக்க ஆசைப்பட்டு ஆரோக்கியம் கோயிலுக்கு நடப்பது, வீடு வீடாகச் சோறு எடுப்பது, களத்தில் தானியத்துக்குக் கெஞ்சுவது. மகள் மேரிக்கு நேர்ந்ததை மட்டும் தாண்டிப் போனாள். பின்னால் இருந்த செங்கத்துப் பையன் கையைத் தூக்கி, ‘மேரி மேட்டர விட்டுட்டியே’ என்றான்.

‘தெரிஞ்சுதான் விட்டேன். ஆரோக்கியமே அத வாய்விட்டுச் சொல்ல முடியாம கெடக்குது. நான் எதுக்கு இங்க மைக் புடிச்சிச் சொல்லணும்?’ என்றாள். மைக் எதுவும் இல்லை. பிறகு யாரும் கேட்காமலே, ‘எங்க தெருவுக்கும் ஒரு அம்மா வரும். சாவுன்னா வரும், தீட்டுன்னா வரும். ராத்திரில சட்டியோட வந்து நிக்கும். அது பேரு இன்னான்னே எனக்குத் தெரியாது. இத படிச்சப்புறம் எங்கம்மாவ கேட்டேன். அதுக்கும் தெரியல’ என்றாள். செங்கத்துப் பையன் மறுபடி கை தூக்கவில்லை.

அவனுக்குக் கடைசியில் வேறொரு சண்டை கிடைத்தது. அடுத்த மாதப் புத்தகம் ‘நிலம் பூத்து மலர்ந்த நாள்’ என்று ஆசிரியை அறிவித்தார். மலையாளத்தில் மனோஜ் குரூர் எழுதியது. சங்ககாலப் பாணரும் கூத்தரும் வறுமை தீர வள்ளலைத் தேடி அலைகிற நாவல். இந்த ஊரின் அரசுப் பள்ளித் தமிழாசிரியை கே.வி. ஜெயஸ்ரீ மொழிபெயர்க்க, இந்த ஊரின் வம்சி பதிப்பகம் வெளியிட்டது. 2019-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. அதில் நன்னன் வருகிறான் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்த செங்கத்துப் பையன், ‘எங்க ஊரு ராஜாவ கெட்டவனா காட்டியிருக்காங்களாமே’ என்று எழுந்துவிட்டான். ஆசிரியை நிதானமாக விளக்கினார்: மாங்காய் தின்ற பெண்ணைக் கொன்ற பழி சங்கப் பாடல்களில் ஏறியிருப்பது வேறொரு நன்னன் மேல். நாவலில் வருகிறவன் ஏழில்மலைக்காரன். இன்றைய செங்கமான செங்கண்மாவை ஆண்டவன் நன்னன் சேய் நன்னன். அவன் மேல் பாடியது மலைபடுகடாம்.

‘அப்ப அதுல நம்ம ஆளு நல்லவன்தானே மிஸ்?’

‘583 அடி. படிச்சிட்டு வந்து நீயே சொல்லு.’

‘உரை வேணுமே.’

‘உ.வே.சா. 1889-லயே நச்சினார்க்கினியர் உரையோட பதிப்பிச்சுட்டார். நூலகத்துல கேளு.’

நாவலோடு இதையும் சேர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தண்டராம்பட்டுக்காரனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பாட்டை எப்படிக் கதையாகச் சொல்வது என்று முனகினான். அது பெரும்பாலும் வழி சொல்வதுதான், நன்னனிடம் பரிசு வாங்கி வந்த கூத்தர் எதிரே வரும் கூத்தருக்கு எந்தக் காடு, எந்த மலை, எங்கே சோறு கிடைக்கும் என்று செங்கம் போகிற பாதையைச் சொல்கிறார் என்றார் ஆசிரியை.

‘அதுக்குத்தான் பஸ் இருக்குதே’ என்றாள் கலசபாக்கத்துப் பெண்.

(தொடரும்)