கைக்குழந்தையோடு ஐரோப்பா... ரிவார்டு பாயின்ட்ஸில் போக முடியுமா? திருவட்டாறிலிருந்து ஒரு கணக்கு!

'கார்டு பாயின்ட்ஸ்லயே ஐரோப்பா போயிட்டு வந்தோம்... டிக்கெட்டுக்குச் செலவே இல்லை!' என்கிற மாதிரி ரீல்ஸ் உங்கள் மொபைலிலும் வந்திருக்கும். கையில் குழந்தை, பின்னால் ஈஃபிள் கோபுரம். பார்த்ததும் 'நாமும் போகலாமே' என்று தோன்றும். அடுத்த நொடியே, 'நமக்கெல்லாம் இது சரிப்படுமா?' என்ற சந்தேகமும் வரும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு விமானப் பயணம் புதிதல்ல. திருவட்டாறு, குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவினர் இல்லாத தெரு அபூர்வம். இப்போது நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி, அயர்லாந்து, பிரிட்டன் என்று போகிறவர்களும் உண்டு. அக்காவையோ தங்கையையோ பார்க்கப் போனால், நான்கு நாளில் திரும்ப முடியாது. குறைந்தது மூன்று, நான்கு வாரமாவது ஆகும். அந்த நீண்ட பயணத்துக்கு ரிவார்டு பாயின்ட்ஸ் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாயின்ட் மெதுவாக வளரும்... பிள்ளை வேகமாக வளரும்!

திருவட்டாறில் ஒரு குடும்பம் மாதம் 40,000 ரூபாயைக் கார்டில் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றுக்குப் பல கார்டுகள் பாயின்ட் தருவதில்லை. அதையெல்லாம் கழித்தால் 30,000 ரூபாய். 100 ரூபாய்க்கு 2 பாயின்ட் என்றால் மாதம் 600, வருடத்துக்கு 7,200.

இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு எகானமி வகுப்பில் ஒரு வழிக்கு ஓர் ஆளுக்கு 25,000 மைல் என்று வைத்தால், கணவன், மனைவி இருவரும் போய் வர 1,00,000 வேண்டும். ஒரு பாயின்ட்டுக்கு ஒரு மைல் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், சேர்க்க ஏறக்குறைய 14 வருடம் ஆகும். இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்!

100 ரூபாய்க்கு 5 பாயின்ட் தரும் உயர்ரகக் கார்டு என்றால் ஐந்தரை வருடம். ஆனால், அந்தக் கார்டுகளுக்கு வருமான வரம்பும் ஆண்டுக் கட்டணமும் அதிகம். ரீல்ஸில் வருகிறவர்கள் சீக்கிரம் சேர்ப்பதற்குக் காரணம், புதுக் கார்டுக்குக் கிடைக்கும் ஜாயினிங் போனஸ், வங்கியின் சொந்த இணையதளத்தில் வாங்கினால் கிடைக்கும் கூடுதல் பாயின்ட், தொழில் செலவுகளைக் கார்டில் கட்டுவது ஆகியவைதான். வீட்டு மளிகைச் செலவில் மட்டும் அது நடக்காது.

அதனால், 'முழு டிக்கெட்டும் பாயின்ட்டில்தான்' என்று காத்திருக்காமல், ஒருவருடைய டிக்கெட், அல்லது திரும்பி வரும் ஒரு வழி என்று இலக்கைச் சுருக்கிக்கொள்வது நல்லது. பிரசவ மருத்துவமனை பில், வீட்டுக்கு வாங்கும் ஃப்ரிட்ஜ் என்று எப்படியும் செய்தாக வேண்டிய பெரிய செலவுகள் வரும்போது, பணம் கையில் தயாராக இருந்தால், கார்டில் கட்டிவிட்டு உடனே அடைத்துவிடலாம். குழந்தை பிறக்கும் வருடத்தில் அப்படிப்பட்ட செலவுகளுக்குப் பஞ்சமிருக்காது.

பாயின்ட் வேறு, மைல் வேறு

விமானத்தில் பறந்தால் மைல் தரும் பழக்கம் பெரிய அளவில் தொடங்கியது 1981 மே மாதம், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில். ஏர் இந்தியாவும் 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' என்ற பெயரில் நடத்திவந்த தன் திட்டத்தை இப்போது 'மகாராஜா கிளப்' என்று மாற்றியிருக்கிறது. வங்கி தருவது பாயின்ட், விமான நிறுவனம் தருவது மைல். சில கார்டுகளில் பாயின்ட்டை மைலாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இது ஒருவழிப் பாதை. ஒருமுறை மாற்றினால் திரும்ப வங்கிக் கணக்குக்கு வராது. சீட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

மைலில் டிக்கெட் எடுத்தாலும் வரியும் சில நிறுவனங்களின் கூடுதல் கட்டணமும் பணமாகத்தான் கட்ட வேண்டும். லாபமா, நஷ்டமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பணத்தில் டிக்கெட் விலை 50,000 ரூபாய். அதே டிக்கெட் மைலில் 50,000 மைலும் 20,000 ரூபாய் வரியும் என்றால், நீங்கள் மிச்சம் பிடிப்பது 30,000 ரூபாய். அதாவது, ஒரு மைலின் மதிப்பு 60 காசு. இதே பாயின்ட்டுக்கு வங்கி 1 ரூபாய் வவுச்சர் தருகிறது என்றால், வவுச்சரே மேல்! பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ் சமயங்களில் டிக்கெட் விலை ஏறும்போது மைலின் மதிப்பும் ஏறும். ஆனால், அப்போது மைலில் சீட் கிடைப்பது கடினம்.

விமானத்துக்கு மட்டுமல்ல, தங்குவதற்கும் பாயின்ட் உதவும். உதாரணமாக, ஐரோப்பாவின் பல ஊர்களில் விடுதிகள் உள்ள அக்கோர் குழுமத்தில் 2,000 பாயின்ட்டுக்கு பில்லில் 40 யூரோ கழிப்பார்கள்.

மடியில் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் உண்டா?

உண்டு. இரண்டு வயது நிறையாத குழந்தை தனி சீட் இல்லாமல் மடியில் வரலாம். ஆனால், சர்வதேச விமானங்களில் அது முழு இலவசமல்ல. பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவிகிதமும் வரியும் கட்டுவது பொதுவான வழக்கம்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நீங்கள் மைலில் எடுத்தாலும், குழந்தைக்குச் சில நிறுவனங்கள் பணக் கட்டணத்தில் 10 சதவிகிதம் கேட்கும். மைலைக் கொடுத்து பிசினஸ் கிளாஸ் எடுத்தேன் என்று சந்தோஷப்படும்போது, அந்த டிக்கெட்டின் விலை 2 லட்சம் என்றால், குழந்தைக்கு மட்டும் 20,000 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்ற சில நிறுவனங்கள் மைலிலேயே 10 சதவிகிதம் எடுத்துக்கொள்கின்றன. எனவே, பாயின்ட்டை மாற்றும் முன் கஸ்டமர் கேருக்கு போன் செய்து, 'மைல் டிக்கெட்டில் கைக்குழந்தைக்கு எவ்வளவு?' என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது பிறந்தநாள் இன்னொரு முக்கியமான தேதி. பயணத்தின் நடுவே இரண்டு வயது நிறைந்தால், திரும்பி வரும்போது தனி சீட் வாங்க வேண்டும். விமானத்தில் தரும் தொட்டிலுக்கும் எடை வரம்பு உண்டு; பெரும்பாலும் 10, 11 கிலோ. அதுவும் சில வரிசைகளில்தான் மாட்ட முடியும். டிக்கெட் எடுத்த கையோடு கேட்டு வைக்க வேண்டும்.

வளைகுடா மாமாவிடம் கேட்டீர்களா?

திருவட்டாறிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கிருந்து துபாய், தோஹா, அபுதாபி வழியாக ஐரோப்பா போவதுதான் நம்ம ஊர்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் வழி. வருடா வருடம் லீவுக்கு வந்து போகும் மாமாவும் அண்ணனும் பறப்பது இதே வழியில்தான். அவர்கள் ஒவ்வொரு முறையும் பறக்கும்போது கிடைக்க வேண்டிய மைல், உறுப்பினர் எண் கொடுக்காததால் வீணாகிக்கொண்டிருக்கலாம்.

எமிரேட்ஸ் நிறுவனத்தின் 'மை ஃபேமிலி' திட்டத்தில் குடும்பத்தினர் சம்பாதிக்கும் மைல்களை ஒரே கணக்கில் சேர்க்க முடியும். கத்தார் ஏர்வேஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் 'ஏவியோஸ்' என்ற ஒரே பெயரிலான மைலைத்தான் தருகின்றன. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. அண்மையில் பறந்த பயணத்துக்குப் பிறகு விண்ணப்பித்து மைல் வாங்கும் வசதியும் பல நிறுவனங்களில் இருக்கிறது. ஆனால், மைலுக்குக் காலாவதி உண்டு. எமிரேட்ஸில் பொதுவாக மூன்று வருடம். ஒரு பயணத்தில் கிடைப்பது குறைவுதான். ஆனாலும், வீட்டில் மூன்று பேரின் பல வருடப் பயணம் சேர்ந்தால், ஒரு டிக்கெட்டில் பாதிக்காவது வழி பிறக்கும்.

ஒரு மாத வட்டி போதும்... எல்லாம் கரையும்!

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். 1 லட்சம் ரூபாய் பில்லைக் கட்டாமல் ஒரு மாதம் தள்ளினால், மாதம் 3.5 சதவிகித வட்டியில் 3,500 ரூபாய். அதற்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி 630. மொத்தம் 4,130 ரூபாய். அந்த 1 லட்சத்துக்குக் கிடைத்த 2,000 பாயின்ட்டை ஒன்றுக்கு 1 ரூபாய் என்று மதிப்பிட்டாலும், 2,130 ரூபாய் நஷ்டம். 'மினிமம் டியூ' மட்டும் கட்டினாலும் மீதித் தொகைக்கு வட்டி ஓடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. பில்லை முழுதாகக் கட்ட முடியாத வீட்டுக்கு ரிவார்டு பாயின்ட் ஒரு பொறி. அந்த வீட்டுக்கு நல்லது, கார்டைப் பீரோவில் வைத்துவிட்டு, பயணத்துக்கென்று தனியாக ஆர்.டி போடுவதுதான்.

வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போதும் கவனம் தேவை. பல கார்டுகளில் 3.5 சதவிகிதம் வரை கூடுதல் கட்டணமும், அதன்மேல் ஜி.எஸ்.டி-யும் உண்டு. அங்கே 2 லட்சம் ரூபாய் செலவழித்தால் 8,260 ரூபாய் இப்படியே போய்விடும். இந்தக் கட்டணம் குறைவாக உள்ள கார்டோ, ஃபாரெக்ஸ் கார்டோ எடுத்துச் செல்லுங்கள்.

விசா: குழந்தைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் விசா வேண்டும்

ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி உட்பட 29 நாடுகளுக்கு ஒரே ஷெங்கன் விசா போதும். அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் தனித்தனி விசா. ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும், அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. விசாவில் எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட்டும் தனி விசாவும் கட்டாயம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். மைல் சீட்டுகளைச் சுமார் 11 மாதம் முன்பே பிடிக்கலாம். விசாவுக்கோ 6 மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். எனவே, ரத்து செய்தால் மைல் திரும்பக் கிடைக்குமா, எவ்வளவு பிடிப்பார்கள் என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

பெட்டியில் நெய் வேண்டாம்!

பேரப்பிள்ளைக்கென்று பாட்டி உருக்கித் தரும் நெய்யை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு எடுத்துச் செல்ல முடியாது. வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவர அங்கே தடை இருக்கிறது. குழந்தைக்கான பால் பவுடருக்கு விலக்கு உண்டு. நிறுவனத்தின் பாக்கெட்டில், பிரிக்காமல், ஓர் ஆளுக்கு 2 கிலோ வரை. பயன்பாட்டில் இருக்கும் பாக்கெட் என்றால் பிரித்திருக்கலாம். வாழைப்பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் தேவையில்லை. ஆகவே, புவிசார் குறியீடு பெற்ற நம்ம குமரி மட்டிப்பழம் தாராளமாகப் பறக்கலாம்! விமானத்தில் குழந்தைக்குத் தேவையான பாலுக்கும் உணவுக்கும் 100 மில்லி வரம்பு இல்லை. பரிசோதனையில் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும்.

அங்கே போன பிறகு ஊர் ஊராக ஓட வேண்டாம். சமையலறை உள்ள வீட்டில் ஒரே ஊரில் ஒரு வாரம் தங்கி, அங்கிருந்து ரயிலில் போய் வருவது குழந்தைக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ரயில்களில் பெற்றோருடன் வரும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் கிடையாது.

இன்றே செய்யக்கூடிய ஐந்து விஷயங்கள்

1. கார்டு ஆப்பில் உங்கள் பாயின்ட் எத்தனை, எப்போது காலாவதி என்று பாருங்கள்.

2. குழந்தைக்கு பாஸ்போர்ட் விண்ணப்பியுங்கள். சிறுவர்களுக்கு ஐந்து வருடம் செல்லும்.

3. வளைகுடா உறவினருக்கு மைல் திட்டத்தில் சேரச் சொல்லி ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்.

4. இரண்டாவது பிறந்தநாளைக் காலண்டரில் வட்டமிட்டு, அதற்கு முன் திரும்பி வருவதுபோலத் திட்டமிடுங்கள்.

5. பாயின்ட்டுக்காகப் புதிதாக எதையும் வாங்காதீர்கள்.

பாயின்ட் ஒரு டிக்கெட்டுக்கு வந்தாலும் சரி, அரை டிக்கெட்டுக்கு வந்தாலும் சரி, மீதியைச் சேமிப்பிலிருந்து போட்டுக் கிளம்புங்கள். முழுதாகச் சேரும்வரை காத்திருந்தால், மடியில் உட்கார்ந்து வர பிள்ளை சம்மதிக்காது!