லைட்டை அணைடா!

"லைட்டை அணைடா!" என்று மெக்கானிக் அண்ணன் கத்தியதும் ஷெட் கும்மிருட்டானது. திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம், ராத்திரி எட்டு மணி. நண்பரின் பழைய பெட்ரோல் கார் ஸ்டாண்டில் ஏறி உறுமிக்கொண்டிருக்கிறது. குனிந்து பார்த்தேன். அடேயப்பா! எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் இருக்கும் டப்பா, உலையிலிருந்து எடுத்த இரும்பு மாதிரி மங்கலாகச் சிவந்திருந்தது. அக்னித் தலம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் காரின் வயிற்றிலுமா தீபம்?

"டப்பாவைக் குத்தம் சொல்லாதீங்க சார். மேலேர்ந்து வர்றதைத்தான் அது எரிக்குது."

அதுதான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது. ஈயம் பட்டால் செத்துவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. உள்ளே தேன்கூடு போல் கண்கண்ணாகப் பீங்கான். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று நகைக்கடைச் சமாச்சாரம் மெல்லிய பூச்சாக! சுமார் 300 டிகிரி செல்சியஸில் வேலையைத் தொடங்கும். 1000-ஐ நெருங்கினால் பூச்சு பாழ். இன்னும் ஏறினால் பீங்கானே உருகி வழியை அடைக்கும்.

சரி, யார் பார்த்த வேலை இது? அண்ணன் வெப்பம் அளக்கும் துப்பாக்கியை நீட்டினார். டப்பாவின் முன்வாயில் 340. நல்ல டப்பாவென்றால் பின்வாயில் கொஞ்சம்தான் கூடும். இங்கேயோ, 550 வரை காட்டும் துப்பாக்கியே கைவிரித்துவிட்டது! எரியாத பெட்ரோல் எஞ்சினைத் தாண்டி வந்து உள்ளே எரிகிறது.

அதே இருட்டில் பானெட்டைத் திறந்தார். மூன்று பிளக் ஒயர்களில் நடு ஒயரிலிருந்து குட்டி நீலப் பொறி, டிக், டிக், டிக் என்று எஞ்சினுக்குத் தாவுகிறது. என்ன அழகு! ரப்பர் வெடித்து, கரண்ட் பிளக்குக்குப் போகாமல் பாதி வழியிலேயே இறங்கிக்கொள்கிறது. எஞ்சினை நிறுத்தி அந்தப் பிளக்கைக் கழற்றி என் மூக்கருகே நீட்டினார். நனைந்து, பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடித்தது.

"மிஸ்ஸிங் எத்தினி நாளா அடிக்குது?"

நண்பர் கூரையைப் பார்த்தார். "போன பௌர்ணமிலேர்ந்து..."

புது ஒயர், புது பிளக். டப்பா ஆறியதும் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. கலகலக்கவில்லை, பீங்கான் உடையவில்லை. வேக்குவம் கேஜை மாட்டி ரேஸ் கொடுத்துப் பிடித்தார். அடைப்பிருந்தால் முள் மெல்லச் சரியும். நின்ற இடத்திலேயே நின்றது! எனக்கு விசிலடிக்கத் தோன்றியது.

அரைமணி ஓடவிட்டு மறுபடியும் "லைட்டை அணைடா!" அடியில் ஒன்றுமே தெரியவில்லை.

நண்பர் பர்ஸை எடுத்தார். "மலையடிவாரத்துல காஞ்ச புல்லுமேல மட்டும் நிறுத்தாதீங்க சார். நல்ல டப்பாவே பத்தவைக்கும்" என்றார் அண்ணன்.

நண்பர் என்னைப் பார்த்தார். மத்தியானம் முழுக்க வண்டி அங்கேதான் நின்றது.