ஏற்றிய இரத்தம் பயன் தராதது யார் குற்றம்?

திருவொற்றியூரில் நாம் பணியாற்றிய நாள்களில், நான்கு மக்களைப் பெற்ற தாய் ஒருவர் இரத்தப் புற்றுநோயால் மருத்துவமனையில் கிடந்தார். மும்முறை தட்டணுக்கள் ஏற்றியும் எண்ணிக்கை உயரவில்லை. “கொடுத்தவன் இரத்தம் சரியில்லை” என்று அக்கம்பக்கத்தார் பேசலாயினர். இரத்தம் கொடுத்த துறைமுகத் தொழிலாளியான இளைஞன் ஒருவன் நம்மிடம் வந்து, “சாமி, என் இரத்தத்தில்தான் குறையா?” என்று கண்கலங்கினான்.

குறை அவனிடம் இல்லை. பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் இரத்தக் கசிவை அடைப்பவை. நலமுள்ளவரிடம் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 இலட்சம் முதல் 4.5 இலட்சம் வரை இருக்கும். எடுத்த தட்டணுக்களை 20 முதல் 24 பாகை வெப்பத்தில் இடைவிடாது அசைத்தவாறு, பொதுவாக 5 நாள்கள் வரையே வைத்திருப்பர். நாள் செல்லச் செல்லப் பயன் குறையும். இரத்தப் பிரிவு பொருந்தாவிடினும் குறையும்.

ஆயினும் பெரும்பாலும் காரணம் நோயாளியின் உடல்நிலையே. காய்ச்சல், கிருமித் தொற்று, இரத்தப்போக்கு, சில மருந்துகள் ஆகியவை ஏற்றிய அணுக்களை விரைவில் தீர்த்துவிடும். வீங்கிய மண்ணீரல் அவற்றைத் தன்னுள் தேக்கிக்கொள்ளும்.

மற்றொரு காரணம் நெஞ்சை உருக்குவது. சேய் தன் தந்தையிடமிருந்து பெற்ற அணுக்குறிகளை அயலெனக் கண்டு, கருவுற்ற தாயின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குவதுண்டு. பின்னாளில் பிறர் தட்டணுக்களில் அக்குறிகள் இருப்பின் அவற்றையும் அது அழிக்கும். எனவே கணவரின் தட்டணுக்களே மனைவிக்குப் பொருந்தாமற் போகலாம். முன்பு பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டோர்க்கும் இந்நிலை வரும். வெள்ளணுக்களை வடிகட்டிக் கொடுத்தால் இது வெகுவாகக் குறையும் என்று 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

ஏற்றிய ஒரு மணி நேரத்திற்குள் எண்ணிக்கை உயராவிடில் மருத்துவர் எதிர்ப்பொருளை ஐயுறுவர். பொருத்தம் பார்த்த தட்டணுக்களைத் தேடுவர். உடனே உயர்ந்து மறுநாள் சரிந்தால் காய்ச்சல், தொற்று முதலியவற்றை ஆராய்வர். ஆகவே பேறுகாலங்களையும் முன்பு ஏற்றிய இரத்தத்தையும் மருத்துவரிடம் மறவாது சொல்லுங்கள்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை, மழைக்காலத்தில் டெங்கு என்றதும் தட்டணு கேட்டு அலைகிறோம். எண்ணிக்கை குறைந்த காரணத்திற்காக மட்டும் ஏற்றுவது பெரியவர்களுக்கு இரத்தப்போக்கைத் தடுக்கவில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு கண்டது. வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

அத்தாய் பிழைக்கவில்லை. ஆனால் உண்மை அறிந்த அக்குடும்பத்தார், அடக்கத்தன்று அவ்விளைஞனை அழைத்து முதல் தோள் கொடுக்கச் சொன்னார்கள். அவன் மீண்டும் இரத்த தானம் செய்கிறான்.