காற்றும் மோட்டார் வண்டியும்

1949ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், பெல்ஜிய நாட்டில் ஜாபெக் என்னும் சிற்றூரையடுத்த நெடுஞ்சாலையில், ஆங்கில நாட்டு மோட்டார் வண்டி ஒன்று வேகச் சோதனைக்குட்பட்டது. ஜாகுவார் கம்பெனியார் அதற்கு முந்திய ஆண்டு அக்டோபர் மாதத்தில் லண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வைத்த ‘எக்ஸ்.கே. 120’ என்பதே அவ்வண்டி. இருவர் மட்டும் அமரத்தக்க, நிலையான மேல்மூடியற்ற ஸ்போர்ட்ஸ் கார் இனத்தைச் சேர்ந்தது. பெயரின் இறுதியிலுள்ள எண், மணிக்கு 120 மைல் செல்லும் என்னும் வாக்குறுதியாம். விலைக்கு வாங்கும் வண்டி அவ்வளவு விரைந்து ஓடுமோ என ஐயுற்றார் பலர். அவ்வையத்தைப் போக்குதற்பொருட்டே பத்திரிகையாளரை உடனழைத்துச் சென்று, பெல்ஜிய மோட்டார்க் கழகத்தார் காலம் அளக்க, ஸட்டன் என்னும் சோதனை ஓட்டுநரைக் கொண்டு ஓட்டுவித்தனர்.

மேலே துணிக்கூரையும் இருமருங்கும் திரைகளும் மாட்டி ஓட்டியபோது கிடைத்த வேகம் மணிக்கு 126.4 மைல். பின்னர்க் கூரையையும் முன்கண்ணாடியையும் கழற்றிவிட்டு, ஓட்டுவோர் முகத்துக்கு நேரே சிறு கண்ணாடித் துண்டொன்றை மட்டும் நிறுத்தி ஓட்டியபோது அது 132.6 மைலாயிற்று. எஞ்சின் அதுவே, சாலை அதுவே, ஓட்டியவரும் அவரே. இடையில் ஏறிய ஆறு மைல் எங்கிருந்து வந்தது? எதனையும் புதிதாகச் சேர்த்திலர். சிலவற்றை அகற்றினர், அவ்வளவே. இதன் காரணத்தை ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம்.

காற்றைக் கண்ணாற் காணாமையின் அதனை எடையற்ற பொருளாக எண்ணுதல் நம் இயல்பு. எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர் அங்ஙனம் எண்ணார். ஒரு சதுர அடிப் பரப்பைக் காற்றுக்கு நேராக நிறுத்தி 30 மைல் வேகத்தில் செலுத்துவோமாயின், அதன்மேல் வந்து மோதும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ இரண்டேகால் ராத்தல். வேகத்தை 60 மைலாக உயர்த்தினால் அவ்வழுத்தம் ஒன்பது ராத்தலைக் கடக்கும். 120 மைலாக உயர்த்தினால் 37 ராத்தலை எட்டும். வேகம் இருமடங்காகுந்தோறும் எதிர்ப்பு நான்மடங்காதலைக் காண்க. வேகம் இரட்டித்தால் ஒரு வினாடியில் நாம் சந்திக்கும் காற்றின் அளவும் இரட்டிக்கின்றது. அக்காற்று ஒவ்வொன்றும் இருமடங்கு வலிமையோடு வந்து தாக்கவும் செய்கின்றது. ஆதலின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தை ஒத்து வளர்கின்றது.

இனி, எஞ்சின் செய்யவேண்டிய வேலை இதனினும் கடியது. நான்மடங்கு எதிர்ப்பை வெல்வதோடு, ஒரே காலத்தில் இருமடங்கு தூரமும் அதனைத் தள்ளிச் செல்லவேண்டுமன்றோ? ஆகவே வேண்டும் சக்தி எட்டு மடங்காகும். அஃதாவது வேகத்தின் கனத்தை ஒத்து வளரும். மேற்கூறிய ஒரு சதுர அடிப் பரப்பை 60 மைல் வேகத்தில் தள்ளுதற்கு ஒன்றரைக் குதிரைச் சக்தி போதும். 120 மைல் வேகத்தில் தள்ளுதற்கோ ஏறக்குறைய பன்னிரண்டு குதிரைச் சக்தி வேண்டும். வண்டியின் வேகம் ஏற ஏற, எஞ்சினின் முழு ஆற்றலையும் காற்றே விழுங்கிவிடும் நிலை ஒன்று வருகின்றது. அதுவே அவ்வண்டியின் உச்ச வேகம். டயர்கள் தரையில் உருளுதலால் உண்டாகும் உராய்வும் உண்டாயினும், 120 மைலையொட்டிய வேகங்களில் பெரும்பகை காற்றே.

இவ்விதியைக் கொண்டு ஜாபெக் சோதனையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 132.6ஐ 126.4ஆல் வகுத்தால் 1.05க்குச் சிறிது குறைவான எண் கிட்டும். அதன் கனம் ஏறத்தாழ 1.15. கூரையோடும் முன்கண்ணாடியோடும் அதே 132.6 மைலை எட்ட விரும்பியிருப்பின், எஞ்சின் நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிகுதியான சக்தி தந்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள். அவ்வெஞ்சினுக்குக் கூறப்பட்ட சக்தி 160. எனவே சில திருகாணிகளைக் கழற்றிய வேலை, ஏறக்குறைய 24 குதிரைகளைப் புதிதாகப் பூட்டியதற்கு ஒப்பாயிற்று! அக்குதிரைகளை எஞ்சினிலிருந்து பெற முயன்றிருந்தால் எத்தனை மாத உழைப்பும் பொருட்செலவும் ஆகியிருக்கும் என்பதைத் தொழிற்சாலையில் பழகியோர் அறிவர். மழையில் நனையாது வீடு சேர விரும்புவோர்க்கு இம்முறை உதவாது என்பதும் உண்மையே.

இதே வகை வண்டி 1953ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மீண்டும் ஜாபெக் சாலைக்கு வந்தது. இம்முறை ஓட்டியவர் நார்மன் டூயிஸ். அவர் தலைக்குமேல் குமிழி போன்ற கண்ணாடி மூடியொன்று கவிக்கப்பட்டிருந்தது. முன்விளக்குகளின் குழிகள் மழமழப்பாக மறைக்கப்பட்டன. வண்டியின் அடிவயிற்றிலும் தகடு பொருத்தப்பட்டது. கிடைத்த வேகம் 172.4 மைல். 132.6 மைல் சென்ற வடிவத்தை மாற்றாது எஞ்சினாலேயே இதனைச் சாதிப்பதாயின் 350 குதிரைச் சக்தி வேண்டியிருக்கும். மறு ஆண்டில் அதே கம்பெனியார் பந்தயத்திற்கென்றே செய்த ‘டி’ வகை வண்டியின் எஞ்சினே 250 குதிரைச் சக்தியளவில் நின்றது என்றால், 1953ஆம் ஆண்டின் வெற்றியில் காற்றை ஏமாற்றிய பங்கு எவ்வளவு என்பது விளங்கும்.

காற்றை ஏமாற்றுவது எவ்வாறு? முன்புறத்தைக் கூர்மையாக்கினால் போதும் என்பதே பலர் கருத்து. அது பிழை. காற்று முன்புறத்தில் பிளவுபட எளிதில் இசையும். பின்புறத்தில் மீண்டும் ஒன்றுகூடத்தான் அடம்பிடிக்கும். உடல் திடீரென முடிவுற்றால் காற்று அதன் பரப்பைவிட்டு விலகிச் சுழல்கின்றது. அச்சுழலில் அழுத்தம் குறைந்து, வண்டியைப் பின்னோக்கி இழுக்கின்றது. முன்கண்ணாடி நேர்நின்ற வண்டியில் இத்தகைய சுழல் கண்ணாடிக்குப் பின்னேயே தோன்றிவிடும். மீனின் உடலை நோக்குக: தலை மழுங்கி உருண்டது, வால் நோக்கி நெடிதாகக் குறுகியது. இவ்வடிவத்தை நீர்த்துளி வடிவம் என்பர். உண்மையில் வீழ்கின்ற பெரிய மழைத்துளி அடிப்பக்கம் தட்டையாக, ஆப்பம் போல் இருக்கும் என்பது வேறு செய்தி. ஸெப்பலின் ஆகாயக் கப்பல்களில் பயின்ற பால் யாரே என்பவர் 1921இலேயே இவ்வடிவத்தை மோட்டார் வண்டிக்குக் கொணர முயன்றார். அத்துணை நீண்ட வாலைத் தெருவில் இழுத்துத் திரிதல் இயலாமையின், வாலைத் தக்க இடத்தில் செங்குத்தாக வெட்டினாலும் பயன் பெரிதும் குன்றாது என்பதை ஸ்டட்கார்ட் நகரத்துப் பேராசிரியர் காம் 1930களில் காட்டினார்.

இவ்விடயத்தில் கண் நல்ல நீதிபதி அன்று. 1961இல் ஜெனீவாக் கண்காட்சியில் வெளிவந்த ஜாகுவார் ‘இ’ வகை வண்டியைக் காண்போர், காற்றே செதுக்கிய உடல் என்பர். அதனை வகுத்த மால்கம் ஸேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். வளைவுகளைக் கணிதத்தால் அமைத்தவர். ஆயினும் அதன் எதிர்ப்புக் குணகம் 0.44 எனப்படுகின்றது. இன்று கடைக்குப் போய்வரும் சாதாரணக் குடும்ப வண்டிகள் பலவற்றுக்கு அவ்வெண் 0.30ஐ ஒட்டியது! காற்று அறியும் எதிர்ப்பு, குணகத்தை முகப்புப் பரப்பாற் பெருக்கிய தொகையாகும். ‘இ’ வகை வண்டி நான்கடி உயரமே உடையது. சிறிய முகத்தால் குணகத்தின் குறையை ஓரளவு ஈடு செய்தது.

மற்றொரு கணக்கும் சுவை தருவது. கூரையோடு 160 குதிரைச் சக்தியால் 126 மைல் சென்ற பழைய வண்டிக்கு, ‘இ’ வகைக்குக் கூறப்பட்ட 265 குதிரைச் சக்தியைத் தந்திருந்தால், கனமூல விதிப்படி 149 மைல் சென்றிருக்கும். புதிய வண்டிக்குக் கூறப்பட்ட வேகமோ 150 மைல். அங்ஙனமாயின் பதின்மூன்று ஆண்டுகளின் வடிவ ஆராய்ச்சி வீணோ? அவ்வாறு முடிவு கட்டலாகாது. அக்காலத்துச் சக்திக் கணக்குகள், எஞ்சினைத் தனியே நிறுத்தி, துணைக்கருவிகளின் சுமையை நீக்கி அளந்தவை; விளம்பரத்தில் பூட்டிய குதிரைகள் யாவும் சக்கரம்வரை வந்து சேர்வதில்லை. 265 என்பதில் இக்குறை பெரிது என்பதே பலர் துணிபு. பழைய வண்டிகளின் வேகத்தை ஒப்பிடுவோர் அச்சிட்ட குதிரைச் சக்தியை நம்பி இடர்ப்படுதல் இதனாலேதான்.

இதுகாறும் காற்றின் எதிர்ப்பைக் குறைத்தலால் வரும் ஆதாயத்தையே கூறினோம். அதற்குரிய விலையும் உண்டு. இதனை அறிய, ஜாபெக் சோதனைக்குப் பதினோராண்டு முற்பட்ட ஒரு நாளுக்குச் செல்லவேண்டும். 1938 ஜனவரி 28 காலையில், ஜெர்மானிய நாட்டில் பிராங்க்பர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் இடைப்பட்ட சாலையில், மெர்ஸிடிஸ் கம்பெனியாரின் சாதனை வண்டியை ஓட்டிய காரச்சியோலா மணிக்கு ஏறத்தாழ 269 மைல் வேகம் கண்டார். அதனை விஞ்ச எண்ணி, ஆட்டோ யூனியன் வண்டியில் புறப்பட்டார் பெர்ன்ட் ரோஸ்மேயர், வயது 28. பக்கத்திலிருந்து வீசிய காற்று வண்டியைத் தாக்கித் தடம்புரளச் செய்தது எனப் பெரும்பாலோர் கொள்வர். அவர் அவ்விடத்தேயே உயிர் நீத்தார். முன்னிருந்து வரும் காற்றுக்கு மிகக் குறைந்த எதிர்ப்புத் தரும் உருண்ட நெடிய உடல், பக்கக்காற்றுக்கு எளிதில் இரையாகும். அக்காற்றின் தள்ளுதல் வண்டியின் எடைமையத்துக்கு முன்னே விழுமாயின், மூக்கைத் திருப்பிவிடும். திரும்பிய மூக்கின்மேல் காற்று இன்னும் வலிதாகத் தாக்கும்.

அம்பின் அடியில் இறகு கட்டிய பண்டைய வேடன் இதற்கு மருந்தறிந்தவன். பின்புறத்தில் காற்று பிடிக்கும் பரப்பை மிகுத்தால், விலகிய அம்பு தானே நேராகும். ஸேயர் 1954இல் அமைத்த ‘டி’ வகைப் பந்தய வண்டியில், ஓட்டுவோர் தலைக்குப் பின்னே மீன்சிறகு போன்ற தகடொன்று எழுந்து நிற்றலைப் படங்களில் காணலாம். பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயத்தில், அக்காலத்தில் ஏறத்தாழ மூன்றே முக்கால் மைல் இடையறாது நீண்டிருந்த முல்ஸான் சாலையில், 170 மைலைக் கடந்த வேகத்தில் இரவும் பகலும் ஓடவேண்டிய வண்டி அது. அச்சிறகும் காற்றில் உரசும். தன் பங்குக்குச் சிறிது வேகத்தைக் குறைக்கும். ஒவ்வொரு விளக்குக் குழியையும் மழமழப்பாக்கி எதிர்ப்பை அணுவணுவாகக் கழித்த அதே கை, இச்சிறிய எதிர்ப்பை வேண்டுமென்றே சேர்த்தது. 1955, 1956, 1957 ஆகிய மூவாண்டுகளிலும் லெ மானில் முதலிடம் பெற்றவை ‘டி’ வகை வண்டிகளே.