தறி சும்மா கிடக்கும் நாள்கள்

காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நெசவாளர் உறுப்பினர். ஏட்டளவில் உரிமையாளரும் அவரே. பாவு, ஊடைப் பட்டு, சரிகை எல்லாம் சங்கம் தரும். வீட்டுத் தறியில் நெய்து, சேலையாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. மாதச் சம்பளம் கிடையாது. ஆகவே நிர்வாகத்தின் மெத்தனம் வேறெங்கும் தங்காமல் நேரே தறிக்குழிக்கு வந்துவிடும்.

பட்டு நூல் கொள்முதலைத் தள்ளிப்போட்டால் அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா கிடக்கும். அந்த நாள்களின் நட்டம் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏறாது. ஓடாத டிசைனையே நெய்யச் சொன்னால் சேலை தேங்கும், கூலி பாக்கியாகும். இவற்றைவிடக் கசப்பானது பாரபட்சம். ஒருவருக்குப் பாவு உடனே கிடைக்கிறது, இன்னொருவரின் சேலையில் மட்டும் குறை கண்டு கூலி பிடிக்கப்படுகிறது என்றானபின் யாரும் வாய் திறப்பதில்லை. பொதுக்குழு வெறும் கையெழுத்துச் சடங்காகிவிடும்.

தலைமை யாருக்குப் பதில் சொல்கிறது என்பதே இதில் முக்கியம். தமிழகத்தில் 1976இல் கூட்டுறவுச் சங்கங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டு, அரசின் தனி அலுவலர்கள் வந்தார்கள். பரவலாகத் தேர்தல் நடக்க 1996 ஆயிற்று. 2001இல் மறுபடியும் தனி அலுவலர்கள். அவர்களில் திறமைசாலிகளும் உண்டு. ஆனால் மாற்றல் உத்தரவு வந்தால் அலுவலர் போய்விடுவார். தேங்கிய சரக்கு உறுப்பினர் தலையில் இருக்கும்.

கூலியோடு கைவேலையும் கெடுகிறது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும், மறுபக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த உழைப்புக்கேற்ற கூலியை நிர்ணயிக்காத நிர்வாகத்திடம் ஒற்றை நாடா வேலைக்கே ஆள் கிடைக்கும். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சேலையின் பெயர் இப்படித்தான் உள்ளூரிலேயே தேய்கிறது.

பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் போகிறார்கள். அங்கே மாதச் சம்பளம் உண்டு. குறையைச் சொன்னால் கேட்பதற்கு ஆள் கிடைப்பதுதான் பாடு. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. ஊதியம், வேலைநேரம் பற்றிய கோரிக்கைகளும் இருந்தன. தொழிலாளர் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான் முதன்மையானது. நிர்வாகம் ஒரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடு கண்டதாக அறிவித்தது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் அதை ஏற்கவில்லை. சங்கப் பதிவு விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

நெசவாளருக்கு அந்த வழி அவ்வளவு எளிதில்லை. அவரவர் வீட்டில் தனித்தனித் தறி. மறியல் செய்ய ஆலைவாசல் கிடையாது. மனம் வெறுத்தவர் தனியார் முதலாளியிடம் முன்பணம் வாங்கிப் பாவு ஏற்றிக்கொள்கிறார். சங்கப் பதிவேட்டில் அவர் உறுப்பினராகவே நீடிப்பதால், அவர் போனது நிர்வாகத்துக்குத் தெரியவும் வழியில்லை.